40 மீட்டர் கோடு: கடலுக்குள்ள ஒரு குடைவைத் தாண்ட எத்தனை டைவ் போட்டிருக்கணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவை நீக்கப்பட்டு, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டது.)

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு ரொம்ப நேரா இருந்துச்சு. "ப்ரோ, நான் ஸ்கூபா கோர்ஸ் முடிச்சுட்டேன். ஆழத்துல ஒரு ஸ்விம்-த்ரூ இருக்காம், கூட்டிட்டுப் போறேங்கறாங்க. அதுக்கு எத்தனை டைவ் அனுபவம் வேணும்?" அவ்வளவுதான் கேள்வி. ஒரு எண்ணைச் சொல்லிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனா அந்த எண் எங்கிருந்து வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சதும் கொற்கையில ஆரம்பிச்சு ப்ரூக்ளின் பாலம், லண்டன்ல 85 ஆடுகள், ஃப்ளோரிடாவுல ஒரு கணக்கு வாத்தியார்ன்னு எங்கெங்கயோ போயிடுச்சு. அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

முதல்ல எங்க ஊர்க் கெணத்துல இருந்து ஆரம்பிக்கறேன்.

அடிமண்ணும் பொந்தும்

எனக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம். கோபின்னாலே எல்லாருக்கும் பச்சை வயலும் கொடிவேரி அணையும் வாய்க்காலும்தான் ஞாபகம் வரும். ஆனா வாய்க்கால் தண்ணி ஏறாத மேட்டாங்காடும் எங்களுக்கு உண்டு. அங்க எல்லாம் தோட்டத்துக் கெணறுதான். நான் நீச்சல் கத்துக்கிட்டது அப்படி ஒரு கெணத்துல. எங்கம்மா காலத்துல முதுகுல சுரைப்புருடை கட்டி இறக்கினாங்களாம். எனக்கு அஞ்சு லிட்டர் எண்ணெய் கேன்.

கேனைக் கழட்டின அடுத்த லீவுல இருந்து பசங்களுக்கு ஒரே போட்டிதான்: யாரு அடிமண்ணு எடுத்துட்டு வர்றது? தலைகீழா முங்கிப் போய், அடியில கையை விட்டு ஒரு பிடி சேறை அள்ளிக்கிட்டு மேல வந்து காட்டணும். காட்டலைன்னா கணக்கு இல்ல. அப்புச்சி கெணத்து மேட்டுல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பாரு. அடிமண்ணு எடுக்கறதுக்கு அவரு ஒண்ணும் சொன்னதில்ல. ஆனா அந்தக் கெணத்துல, பாதி ஆழத்துக்குக் கீழே, பாறை ஓரமா ஒரு பொந்து இருந்துச்சு. உள்ள போயி இன்னொரு பக்கம் வெளிய வரலாம்னு பெரிய பசங்க சொல்லுவாங்க. அந்தப் பொந்துப் பேச்சை எடுத்தாலே அப்புச்சி குரல் மாறிடும். "இங்க பாரு சாமி, அடிமண்ணு எத்தன வேண்ணாலும் எடு. பொந்துக்குள்ள தலைய உட்டீன்னா தோல உரிச்சுப் போடுவேன்."

சின்ன வயசுல எனக்கு இது புரியவே இல்ல. அடி இன்னும் ஆழம்தானே, பொந்து அதுக்கு மேலதானே இருக்கு? ஆழத்தை விட்டுட்டு பொந்தை ஏன் தடுக்கறாரு? பதில் ரொம்ப எளிசு. அடியில இருக்கும்போது மூச்சு முட்டினா நேரா மேல வந்துடலாம். பொந்துக்குள்ள முட்டினா மேல பாறைதான் இருக்கும்.

கடல்ல ஸ்விம்-த்ரூன்னு சொல்றது இதே பொந்துதான். பாறையிலயோ பவளத்திட்டிலயோ ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் வெளிய வர்ற குடைவு. ரெண்டு பக்கமும் திறப்பு இருக்கறதால அதைக் குகைன்னு சொல்றதில்ல. மெக்சிகோவின் கோசுமெல் தீவுல "பிசாசின் தொண்டை"ன்னு பேர் வெச்ச ஒண்ணு இருக்கு. சுமார் 27 மீட்டர்ல நுழைஞ்சா, கிட்டத்தட்ட 40 மீட்டர்ல வெளிய வருவீங்க. எகிப்துல தஹாப் பக்கம் ப்ளூ ஹோல்ல ஒரு வளைவு இருக்கு. அதோட கூரையே 50 மீட்டருக்கும் கீழே. கரையிலேயே, அங்க இறந்தவங்க பேர் பொறிச்ச கல்வெட்டுகள் இருக்கு.

பதினோராவது டைவ்

இதுல எனக்கும் ஒரு கதை இருக்கு. எந்த ஊர், எந்தக் கடைன்னு சொல்லப் போறதில்ல, அது முக்கியமும் இல்ல. அட்வான்ஸ்டு கோர்ஸ் முடிச்சு, எனக்கு அது பதினோராவது டைவ். என் கார்டு அனுமதிக்கற ஆழம் 30 மீட்டர். வழிகாட்டி சொன்னாரு: "35 மீட்டர்ல ஒரு ஸ்விம்-த்ரூ இருக்கு, சூப்பரா இருக்கும். அட்வான்ஸ்டு கார்டு இருக்குல்ல, போதும்." நான் தலையாட்டிட்டேன்.

உள்ள நுழைஞ்சு பாதியில பிரஷர் கேஜைப் பார்த்தேன். நான் மனசுல வெச்சிருந்த எண்ணைவிட முள்ளு ரொம்பக் கீழே இருந்துச்சு. மேல பார்த்தேன், பாறை. முன்னாடி அவரோட துடுப்பு மட்டும் தெரியுது. அந்தப் பத்து விநாடியில என் மூச்சு ரெண்டு மடங்கு வேகமாச்சு. அப்புறம் வெளிச்சம் வந்துச்சு, வெளிய வந்தோம், போட்டோ எடுத்தோம், சாயந்திரம் மீன் வறுவல் சாப்பிட்டோம். ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகாததால ரெண்டு வருஷம் அதை ஒரு சாகசக் கதையாவே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் டெஸ்ட் பண்ணாம டிப்ளாய் பண்ணி, ஒண்ணும் உடையலைன்னா நம்ம திறமைன்னு நினைச்சுக்குவோமே, அந்த மாதிரி.

கொற்கை: அனுபவம் கேட்காத கடல்

இப்ப வரலாறு. ஆழத்துக்கு யாரை அனுப்பறதுங்கற கேள்வி நம்ம கடல்ல ரொம்பப் பழசு. கி.பி. முதல் நூற்றாண்டுல ஒரு கிரேக்க மாலுமி எழுதின "எரித்திரேயக் கடல் பெரிப்ளூஸ்" என்ற குறிப்பில் பாண்டிய நாட்டின் கொற்கை வருது. அங்கே முத்துக் குளிப்பு நடக்கிறது, அதில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் வேலை செய்கிறார்கள் என்று ஒரே வரியில் சொல்லிட்டுப் போயிடறாரு. யோசிச்சுப் பாருங்க. நம்ம கடலில் மூழ்குபவர்களைப் பத்தி எழுத்தில் இருக்கற மிகப் பழைய குறிப்புகள்ல ஒண்ணு இது. அதில் மூழ்கறதுக்கான தகுதி, உங்க உயிரைப் பத்தி அரசுக்குக் கவலை இல்லைங்கறதுதான்.

சுமார் 1200 வருஷம் கழிச்சு மார்க்கோ போலோ இந்தக் கரைக்கு வர்றாரு. அதுக்குள்ள முத்துக்குளிப்பு ஒரு முழுத் தொழிலாயிடுச்சு. கிடைச்சதுல பத்துல ஒரு பங்கு அரசருக்கு. இருபதுல ஒரு பங்கு, சுறாக்களை மந்திரத்தால கட்டறவங்களுக்கு. இவங்களைத்தான் பின்னாட்கள்ல கடல்கட்டின்னு சொன்னாங்க. போலோ ஒரு சுவாரசியமான விவரம் சொல்றாரு: அந்தக் கட்டு ஒரு பகலுக்குத்தான் செல்லும், ராத்திரி அவிழ்த்து விட்டுடுவாங்க. அதாவது ராத்திரி திருட்டுத்தனமா குளிக்கப் போனா சுறாகிட்ட இருந்து பாதுகாப்பு கிடையாது. நம்ம மொழியில சொன்னா, டெய்லி எக்ஸ்பயரி ஆகற ஆக்ஸஸ் டோக்கன்.

சிரிக்கலாம். ஆனா நம்பிக்கையைத் தள்ளி வெச்சுட்டு நடைமுறையைப் பாருங்க. கடல்கட்டி இல்லாம ஆளுங்க குளிக்க இறங்க மாட்டாங்க. அவரு இன்னைக்கு வேண்டாம்னா வேண்டாம்தான். படகு முதலாளிக்கு மேல, "நிறுத்து"ன்னு சொல்ற அதிகாரம் ஒருத்தர்கிட்ட இருந்துச்சு. இலங்கையில காலனி அரசின் செயலராக இருந்த எமர்சன் டென்னன்ட், 1859-ல வெளியான தன் நூலில், அப்போது அந்த வேலையில் இருந்தவர் ஒரு கத்தோலிக்கக் கிறிஸ்தவர் என்று ஆச்சரியத்தோட எழுதியிருக்கார். மதம் மாறியும் அந்தப் பதவி மாறல.

இன்னொரு ஏற்பாடு 1803-ல ராபர்ட் பெர்சிவல் எழுதின இலங்கை பற்றிய நூலில் இருக்கு. ஒரு படகுல பத்து குளியாளிகள். அஞ்சு பேர் கல்லைப் பிடிச்சுக்கிட்டு இறங்குவாங்க. அவங்க மேல வந்ததும் மத்த அஞ்சு பேர். மாறி மாறி. இறங்கினவர் மேல வந்து மூச்சு வாங்க நேரம் கிடைக்கணும்ங்கறதுதான் காரணம்னு அவரே எழுதறாரு. மேல கயிறைப் பிடிச்சிருக்கற ஆள், கீழ இருந்து ஒரு இழுப்பு வந்ததும் தூக்கிடணும். முத்துச் சிப்பி கிடைக்கற "பார்"கள் பெரும்பாலும் 5 முதல் 10 பாகம் ஆழம். ஒரு பாகம்ங்கறது சுமார் 1.8 மீட்டர். அப்ப 9 முதல் 18 மீட்டர். இந்த 18-ஐ ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வரும்.

இந்த ஓய்வு எவ்வளவு முக்கியம்னு பசிபிக் கடல்ல தெரிஞ்சுது. துவாமோத்து தீவுகள்ல முத்துச் சிப்பி எடுக்கறவங்களுக்கு "தரவானா"ன்னு ஒரு நோய் வரும். தலைசுத்தல், பக்கவாதம், சில சமயம் மரணம். 1965-ல இதை ஆராய்ஞ்சு எழுதினவங்க கவனிச்சது இது: அதே கடல் பகுதியில மங்கரேவா தீவுக்காரங்களுக்கு அது வர்றதில்ல. அவங்க ஒவ்வொரு முழுக்குக்கும் நடுவுல பத்து நிமிஷத்துக்கும் மேல ஓய்வு எடுப்பாங்க. மத்தவங்க எடுக்கறது அதுல பாதி. மங்கரேவா ஆட்களுக்கு நைட்ரஜன்னா என்னன்னு தெரியாது. ஆனா வழக்கத்துல சரியான எண் இருந்துச்சு.

நம்ம கரையில 1905-ல மரிச்சுக்கட்டிக்கு அப்பால இலங்கைப் பகுதியில சுமார் 8 கோடி சிப்பி அள்ளினாங்க. அந்த மாதிரி அள்ளினதுல, பார்கள் பல வருஷம் வெறுமையாவே கெடந்துச்சு. தூத்துக்குடியில 1955-ல இருந்து 1961 வரைக்கும் நடந்ததுதான் கடைசி வரிசை. சங்கு குளிப்பு மட்டும் நிக்கல.

பாலத்துக்கு அடியில ஒரு நோய்

மூச்சடக்கி முங்கறவருக்கு நேரம்தான் எல்லை. ஒரு நிமிஷம், அதுக்குக் கொஞ்சம் முன்னபின்ன. கீழ காத்தையே கொண்டுபோனா அந்த எல்லை காணாமப் போகும், வேற ஒரு எல்லை வரும். இது முதல்ல தெரிஞ்சது கடல்ல இல்ல, பாலம் கட்டற இடத்துல.

1870-கள்ல நியூயார்க்கில் ப்ரூக்ளின் பாலத்துக்கு ஆத்துக்கு அடியில அஸ்திவாரம் தோண்டணும். கவுத்து வெச்ச பெரிய மரப்பெட்டிக்குள்ள அழுத்தக் காத்தை அடிச்சு, தண்ணி உள்ள வராமப் பாத்துக்கிட்டு, அதுக்குள்ள ஆளுங்க தோண்டினாங்க. ஷிஃப்ட் முடிஞ்சு மேல வந்ததும் மூட்டுவலியில மடங்கி விழுந்தாங்க. சிலர் செத்தாங்க. தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் அவரே 1872-ல விழுந்தார். அதுக்கப்புறம் அவர் மனைவி எமிலி ரோப்ளிங்தான் தளத்துக்கும் அவருக்கும் நடுவுல நின்னு வேலையை நடத்தினாங்க. 1883-ல பாலம் திறந்தாச்சு.

காரணத்தை 1878-ல பிரெஞ்சுக்காரர் பால் பெர் விளக்கினார். அழுத்தத்துல நாம சுவாசிக்கற நைட்ரஜன் ரத்தத்துலயும் திசுவுலயும் கரையுது. வேகமா மேல வந்தா சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழியா வெளிய வருது. குமிழி மூட்டுல நின்னா வலி, தண்டுவடத்துல நின்னா முடக்கம்.

அப்ப எவ்வளவு மெதுவா வரணும்? இங்கதான் ஆடுகள் வருது. பிரிட்டிஷ் கடற்படைக்காக ஜான் ஸ்காட் ஹால்டேன், பாய்காட், டாமன்ட் மூணு பேரும் லண்டன்ல 85 ஆடுகளை அழுத்த அறையில வெச்சுச் சோதிச்சாங்க. ஏன் ஆடு? கால் வலிச்சா அது முன்னங்காலைத் தூக்கிக் காட்டும். எங்க ஊர்ல ஆடு மேய்க்கற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லுவாங்க. டாமன்ட் ஆட்டோட நிறுத்திக்கல. 1906-ல ஸ்காட்லாந்து கடல்ல அவரும் கேட்டோன்னு இன்னொருத்தரும் 210 அடி இறங்கிக் காட்டினாங்க. 1908-ல முடிவுகள் வெளியாச்சு. உலகத்தோட முதல் ஒழுங்கான டிகம்ப்ரஷன் அட்டவணை அது. "இவ்வளவு ஆழம், இவ்வளவு நேரம், மேல வர்ற வழியில இங்கிங்க நில்லு." நம்ம கையில கட்டியிருக்கற டைவ் கம்ப்யூட்டர்ல ஓடற கணக்கு பலதுக்கும் பாட்டன் அந்த அட்டவணைதான்.

18, 30, 40: இந்த எண்கள் யாரோடது?

1943-ல ஜாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் அக்வா-லங் செய்யறாங்க. முதுகுல சிலிண்டர், வாயில ரெகுலேட்டர், மேல இருந்து குழாய் கிடையாது. யார் வேணும்னாலும் இறங்கலாம். எவ்வளவு ஆழம்ங்கறதுதான் யாருக்கும் தெரியல.

1947-ல கூஸ்தோ குழுவின் மொரீஸ் ஃபார்க் ஆழச் சாதனைக்காக இறங்கினார். கயிறு நெடுக பலகைகள் கட்டியிருந்துச்சு. எட்டின ஆழத்துப் பலகையில கையெழுத்துப் போட்டுட்டு வரணும். எங்க அடிமண்ணு மாதிரிதான், ஆதாரம் வேணும்ல. சுமார் 120 மீட்டர் பலகையில அவர் எழுத்து இருந்துச்சு. மேல இழுத்தப்ப அவருக்கு உயிர் இல்ல. அந்த ஆழத்துல நைட்ரஜன் ஒரு போதை. 30 மீட்டர்லயே லேசா ஆரம்பிக்கும். பயம் போயிடும், கணக்கு மந்தமாயிடும். அனுபவசாலிக்கும் இது விலக்கில்ல. தான் மந்தமாயிட்டோம்ங்கறதை அடையாளம் கண்டுக்கறதுதான் அனுபவத்தால கிடைக்கற ஒரே நன்மை.

1950-கள்ல இருந்து பயிற்சி அமைப்புகள் முளைச்சுது. 1966-ல அமெரிக்காவுல பி.ஏ.டி.ஐ. வந்துச்சு. இன்னைக்கு நம்ம ஊர்ல யாராவது ஸ்கூபா கார்டு காட்டினா பெரும்பாலும் அவங்க கார்டாத்தான் இருக்கும். அதுல மூணு படி: ஓப்பன் வாட்டருக்கு 18 மீட்டர், அட்வான்ஸ்டுக்கு 30, டீப் பயிற்சிக்கு 40. அடியில மாத்திப் பாருங்க: 60, 100, 130. அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணையை எடுத்தா, நடுவுல எங்கயும் நிக்காம நேரா மேல வரலாம்ங்கற நேரம் 60 அடியில 60 நிமிஷம், 100 அடியில 25 நிமிஷம், 130 அடியில வெறும் 10 நிமிஷம். 40 மீட்டருக்குக் கீழ அந்த நேரம் எதுக்கும் பத்தாது. கோடு அங்க விழுந்ததுல ஆச்சரியமில்ல. மூச்சடக்கிக் குளிச்ச நம்ம மன்னார் ஆட்களோட எல்லையும் முதல் கார்டோட எல்லையும் ஒரே 18-ல வந்து நிக்கறது தற்செயல்தான். ஆனா எனக்கு அது பிடிச்சிருக்கு.

இப்ப சிக்கல். ஓப்பன் வாட்டர் கோர்ஸ்ல கடல் டைவ் நாலு. அட்வான்ஸ்டுல அஞ்சு. அதாவது வாழ்க்கையில மொத்தம் 9 டைவ் போட்டவர் கையில "அட்வான்ஸ்டு" கார்டு வரலாம். மூணு மாச பூட்கேம்ப் முடிச்சவருக்கு சீனியர் டெவலப்பர்னு பேட்ஜ் குடுத்த மாதிரி. கார்டு பொய் சொல்லல. இந்த ஆழத்துல பயிற்சி பெறத் தொடங்கிட்டார்னுதான் சொல்லுது. அதை "எங்க வேணும்னாலும் போகலாம்"னு படிச்சது நான்.

கணக்கு வாத்தியாரின் போஸ்ட்மார்ட்டம்

மேல பாறை இருக்கற இடத்துக்கான விதிகளோட கதை தனி. அது ஃப்ளோரிடாவுல நடந்துச்சு. அங்க நன்னீர் ஊற்றுகளுக்கு அடியில கிலோமீட்டர் கணக்குல குகைகள். 1960, 70-கள்ல ஸ்கூபா பரவினதும் ஆளுங்க உள்ள போனாங்க, பலர் திரும்பல. ஷெக் எக்ஸ்லின்னு ஒரு பள்ளிக் கணக்கு ஆசிரியர், குகை டைவர், ஒவ்வொரு சாவையும் எடுத்து ஆராய்ஞ்சார். 1979-ல ஒரு சின்ன கையேடு போட்டார். நம்ம வேலையில சர்வர் விழுந்தா போஸ்ட்மார்ட்டம் எழுதுவோமே, அதே முறை: என்ன நடந்துச்சு, எங்க உடைஞ்சுது, அடுத்தவன் என்ன செய்யணும்.

திரும்பத் திரும்ப வந்தது மூணே காரணம். வெளிய வர்ற வழி நெடுக கயிறு போடல. திரும்பறதுக்குக் காத்தை மிச்சம் வைக்கல. பழக்கத்துக்கு மீறின ஆழத்துக்குப் போனாங்க. பின்னாடி பயிற்சி இல்லாமையும், போதுமான விளக்கு இல்லாமையும் சேர்ந்து அஞ்சாச்சு. இதுல கவனிக்க வேண்டியது, இறந்தவங்கள்ல திறந்த கடல்ல பாடம் சொல்லிக்குடுக்கற பயிற்றுநர்களும் இருந்தாங்க. நூத்துக்கணக்குல டைவ் போட்டவங்க. அதனாலதான் இன்னைக்கு அந்தக் குகை வாசல்கள்ல தண்ணிக்கு அடியிலேயே, எமன் படம் போட்ட ஒரு பலகை நிக்குது. 300-க்கும் மேற்பட்ட டைவர்கள், பயிற்றுநர்கள் உட்பட, இப்படிப்பட்ட குகைகள்ல செத்திருக்காங்க, இதுக்கு மேல போகாதேங்குது.

காத்துக் கணக்கை மட்டும் ஒருதரம் போட்டுடலாம். 12 லிட்டர் சிலிண்டர், 200 பார் அழுத்தம். மொத்தம் 2400 லிட்டர் காத்து. அமைதியா இருக்கறவர் மேற்பரப்புல நிமிஷத்துக்கு 20 லிட்டர் எடுத்தா 120 நிமிஷம் வரும். 40 மீட்டர்ல அழுத்தம் அஞ்சு மடங்கு, செலவும் அஞ்சு மடங்கு. 24 நிமிஷம். குகை விதிப்படி மூணுல ஒரு பங்குதான் உள்ள போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு அவசரத்துக்கு. அப்ப உள்ள போக 8 நிமிஷம். இது அமைதியா இருக்கறவருக்கு. பாதியில பயந்து மூச்சு ரெண்டு மடங்கானா, நாலு. என் பதினோராவது டைவ்ல எனக்கு நடந்தது இந்த வகுத்தல்தான். நான் அதைத் தண்ணிக்குள்ள போறதுக்கு முன்னாடி போட்டிருக்கணும்.

பொழுதுபோக்கு டைவருக்கான குகை முகப்புப் பயிற்சியில இன்னொரு அருமையான விதி இருக்கு. மேற்பரப்புல இருந்து மொத்த தூரம் 40 மீட்டரைத் தாண்டக்கூடாது. ஆழத்தையும் உள்ள போன தூரத்தையும் கூட்டணும். 30 மீட்டர் ஆழத்துல வாசல் இருந்தா, உள்ள 10 மீட்டர்தான். நான் போனது 35-ல. நியாயப்படி எனக்கு 5 மீட்டர் மிச்சம் இருந்துச்சு. ஸ்விம்-த்ரூங்கற பேர் இருந்ததால யாரும் அந்தக் கணக்கைப் போடல.

எக்ஸ்லியும் 1994-ல மெக்சிகோவின் சக்கடோன் என்ற ஆழ்குழியில ஆயிரம் அடியைத் தாண்டற முயற்சியில இறந்தார். விதிகளை எழுதினவரே. அதை வெச்சு விதி வீண்னு சொல்றவங்க உண்டு. நான் அப்படிப் பார்க்கல. அவர் போனது யாருமே கணக்குப் போடாத ஆழத்துக்கு. நாம போறது கணக்கு முடிஞ்சு அம்பது வருஷம் ஆன ஆழத்துக்கு.

எந்த அனுபவம்?

2018 தாய்லாந்து. தாம் லுவாங் குகைக்குள்ள 12 பசங்களும் பயிற்சியாளரும் மாட்டினது ஞாபகம் இருக்கும். ஜூலை 2 அன்னைக்கு அவங்களைக் கண்டுபிடிச்சது ரெண்டு பிரிட்டிஷ்காரங்க. ரிக் ஸ்டான்டன், ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர். ஜான் வோலந்தன், ஐ.டி. கன்சல்டன்ட். ஆமா, நம்ம ஆளு. ரெண்டு பேருக்கும் குகை டைவிங் பொழுதுபோக்கு. பல வருஷமா குளிர்ந்த, கலங்கின, ஒடுக்கமான குகைகள்ல போனவங்க. அதே மீட்புல, ஜூலை 6, காத்து சிலிண்டர்களை உள்ள வெச்சுட்டுத் திரும்பும்போது சமன் குனான் உயிரிழந்தார். முன்னாள் கடற்படைச் சிறப்புப் படை வீரர், தன்னார்வமா வந்தவர். உடல் பலத்துலயோ துணிச்சல்லயோ அவரை மிஞ்ச ஆள் குறைவு. அந்த இடம் அவ்வளவு கடினமானது. எத்தனை டைவ்ங்கறதோட எந்த மாதிரி இடத்துலங்கறதும் சேர்ந்தாத்தான் அனுபவம்னு இந்தச் சம்பவத்துல இருந்து நான் எடுத்துக்கிட்டேன்.

இதை வெச்சுட்டு நம்ம கரைக்குத் திரும்பிப் பாருங்க. தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கறவங்க. மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் கடலட்டை எடுக்கறவங்க. ஆயிரக்கணக்குல முழுக்குப் போட்டவங்க. அவங்க அனுபவத்துக்கு முன்னாடி என் கார்டு எல்லாம் ஒண்ணுமில்ல. ஆனா மூச்சடக்கிக் குளிச்ச காலத்து அறிவு மூச்சடக்கறதுக்கானது. மாறி மாறி இறங்கு, ஓய்வெடு, கயிறை இழுத்தா தூக்கு. கம்ப்ரஸரும் சிலிண்டரும் வந்ததும் அதே ஆள் அதே ஆழத்துல மணிக்கணக்குல இருக்க முடிஞ்சுது. ஆழம் மாறல, நேரம் மாறிடுச்சு. 1908-லேயே போட்டு முடிச்ச அட்டவணை அவங்க படகுக்கு வந்து சேரல. இலங்கையில கடலட்டைக் குளியாளிகள் தண்டுவடத்துல குமிழி ஏறி, இடுப்புக்குக் கீழ உணர்வில்லாம ஆஸ்பத்திரிக்கு வந்த கேஸ்களை மருத்துவர்கள் பதிவு பண்ணியிருக்காங்க. ப்ரூக்ளின் பாலத்துக்கு அடியில நடந்த அதே நோய், நூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு, மருந்து தெரிஞ்ச பிறகு.

சுற்றுலாவுக்கு இறங்கற எனக்கு கார்டு, கம்ப்யூட்டர், வழிகாட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் கேக்கறாங்க. பிழைப்புக்கு இறங்கறவர்கிட்ட யாரும் எதுவும் கேக்கறதில்ல, எதுவும் குடுக்கறதுமில்ல. கொற்கையில இருந்து இந்த ஒரு விஷயத்துல நாம ரொம்ப தூரம் வந்துட்டதா எனக்குத் தோணல.

சரி, எத்தனை டைவ்?

கேள்வி கேட்ட நண்பருக்கு. ஒரு மாயமான எண் இல்ல, ஆனா பட்டியல் இருக்கு. அந்த ஆழத்துக்கான பயிற்சி இருக்கணும். 30 மீட்டருக்குக் கீழன்னா டீப் பயிற்சி. அதே ஆழத்துல, மேல திறந்த இடத்துல, பல தடவை போய் உங்க காத்துச் செலவு எவ்வளவுன்னு எண்ணா தெரிஞ்சிருக்கணும். ஒடுக்கமான இடத்துல அடியைக் கலக்காம மிதக்கத் தெரியணும். 10 மீட்டர் ஆழத்துல, நுழையும்போதே வெளிச்சம் தெரியற சின்ன குடைவுகள்ல முதல்ல போய்ப் பழகணும். உள்ள போனா எங்க திரும்பறது, எவ்வளவு காத்துல திரும்பறதுன்னு படகுலயே பேசி முடிச்சிருக்கணும். இதெல்லாம் 50 டைவ்ல ஒருத்தருக்கு வரும், 100-ல ஒருத்தருக்கு வரும். 11-ல எனக்கு வரல.

அப்புறம், வேண்டாம்னு சொல்ல ஒரு ஆள். நம்ம காலத்துல கடல்கட்டி இல்ல. அந்த வேலையை நாமளே பார்க்கணும். வழிகாட்டி போலாம்னாலும், கூட்டம் பூரா தலையாட்டினாலும், எந்த டைவையும் யாரும் எந்தக் காரணமும் சொல்லாம நிறுத்தலாம்ங்கறது குகை டைவர்கள் எல்லாரும் ஏத்துக்கிட்ட விதி.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அந்தக் கெணத்தைப் பார்த்தேன். போர் போட்ட பிறகு தண்ணி ரொம்பக் கீழ போயிடுச்சு. பொந்து வெளிய தெரியுது. கம்பிக் கதவு மேல நின்னு செல்போன் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஒரு ஆள் நீளம் கூட இல்ல, மறுபக்கம் அடைச்சிருக்கு. வெளிய வர்ற வழியே கிடையாது. பெரிய பசங்க யாரும் அதுக்குள்ள போயிருக்கவே இல்ல போல.

அப்புச்சிக்கு அது தெரிஞ்சிருந்துச்சான்னு கேக்க இப்ப அவரு இல்ல.